சிறிய காரின் ஸ்டீயரிங் கோளாறு: டயரில் தொடங்கி மேலே ஏறுங்கள்

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு பாலக்கோடு பக்கமிருந்து என் பட்டறைக்கு ஓர் ஆல்ட்டோ வந்தது. வேகம் எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது என்றார் உரிமையாளர். அதற்குள் வேறோர் இடத்தில் ஸ்டீயரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் மூட்டுகளை, சக்கரத்துப் பக்கம் டை ராடு எண்டு இரண்டும் உள்பக்கம் ரேக் எண்டு இரண்டும், புதிதாக மாற்றியிருந்தார்கள். உதறல் போகவில்லை. அடுத்து, ஸ்டீயரிங் சுற்றுவதை இடவல நகர்வாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டு மிரண்டுபோய்த்தான் தருமபுரி வரை வந்திருந்தார்.

முன்சக்கரம் ஒன்றைக் கழற்றித் தரையில் கவிழ்த்தேன். ரிம்மின் உட்குழியில் காய்ந்த செம்மண், அரைமூடித் தேங்காய் அளவுக்கு, ஒரே இடத்தில் அப்பிக்கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பியதும் ஓடு போலப் பெயர்ந்து விழுந்தது. மற்ற சக்கரத்திலும் அதே கதை, கொஞ்சம் குறைவாக. சுரண்டிக் கழுவி மாட்டிக்கொண்டு அதியமான்கோட்டை வரை ஓட்டிப் பார்த்தோம். உதறல் இல்லை. மழையில் தக்காளித் தோட்டத்துக்குள் வண்டியை இறக்கியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இத்தனூண்டு மண்ணா வண்டியை உலுக்கும் என்று கேட்டார். ஆல்ட்டோவின் 145/80 ஆர் 12 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் போகும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பதின்மூன்று சுற்று. அந்த மண்கட்டி வினாடிக்குப் பதின்மூன்று முறை சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்து அடிக்கிறது. சிறிய காரில் சக்கரம் சிறியது, வண்டி எடை குறைவு. அடி நேராகக் கைக்கு வந்துவிடும்.

சிறிய வண்டிகளில் ஸ்டீயரிங் புகார் எதுவானாலும் நான் பார்க்கும் வரிசை ஒன்றுதான். முதலில் டயர், ரிம், நட்டு. பிறகு பிரேக். பிறகு மூட்டுகளும், பாகங்களுக்கு இடையில் மெத்தையாக நிற்கும் ரப்பர் புஷ்களும். அதற்குப் பிறகு, குலுக்கலை அடக்கும் ஷாக்கும், அதை பாடியோடு பிணைக்கும் மேல் மவுன்ட்டும். ஸ்டீயரிங் தண்டும் ரேக்கும் கடைசி. செலவும் இதே வரிசையில்தான் ஏறும். மேலிருந்து கீழே இறங்குபவர்கள் முதல் படியிலேயே பணத்தைத் தொலைக்கிறார்கள்.

புகார் எதுவானாலும் முதல் பத்து நிமிடம்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 30 பி.எஸ்.ஐ.யை ஒட்டியே இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதைப் பார்த்துக் காற்று நிரப்புபவர்களை இன்னும் பார்க்கிறேன். நாற்பது வைத்த ஆல்ட்டோ சாலையில் கோலிக்குண்டு மாதிரித் துள்ளும். இருபது வைத்தது மாட்டு வண்டி மாதிரிக் கனக்கும். இரண்டையும் ஸ்டீயரிங் கோளாறு என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது நட்டு. பஞ்சர் ஒட்டி மாட்டிய பிறகு தொடங்கிய உதறல் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், ஸ்பானரை எடுங்கள். பக்கவாட்டில் எங்காவது உப்பல் இருக்கிறதா என்று டயரைச் சுற்றிலும் தடவுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று சிறு பெட்டிக்குள் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் நிறைய மிச்சமிருந்தாலும் ஏழெட்டு வயதான ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். நம் வெயிலில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பிறகு உள்ளங்கை. டயரின் தேய்மானப் பரப்பில் வெளிப்பக்கமிருந்து உட்பக்கமாக ஒருமுறையும், உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரிவாள்மணைப் பல் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, கெட்டிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. உள் ஓரம் மட்டும் மொட்டை என்றால் கேம்பரோ (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) டோவோ கெட்டிருக்கிறது, அல்லது ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) வளைந்திருக்கிறது. குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கைச் சந்தேகியுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது

கையைத் தளர்த்தினால் இடது பக்கம் போகிறது என்பவர்களில் பலருக்கு வண்டியில் குறையே இருக்காது. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் நோக்கிச் சரித்துத்தான் போடுகிறார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம். இடது பக்கம் ஓட்டும் நாட்டில் வண்டி மெல்ல இடது பக்கம் நழுவுவது அந்தச் சரிவின் வேலை.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஊரைச் சுற்றி விற்காமல் கிடக்கும் வீட்டுமனை லே-அவுட்டுகளில் ஆளில்லாத தார்ச்சாலை இருக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அதற்குக் குறைவில்லை. விடியற்காலையில் அங்கே போய், நாற்பது வேகத்தில், ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் தொட்டபடி ஒருமுறை ஓட்டுங்கள். திரும்பி, அதே தடத்திலேயே எதிர்த் திசையில் வாருங்கள். போகும்போது இடது பக்கம், வரும்போது வலது பக்கம் என்றால் வண்டி தாழ்ந்த பக்கத்தை நோக்கிப் போகிறது, குறை சாலையுடையது. இரண்டு முறையும் இடது பக்கமே என்றால் குறை வண்டியுடையது.

வண்டியுடையது என்று தெரிந்தால், முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள். டயரில் சுழல்திசை அம்புக்குறி இருந்தால் மட்டும் இதைச் செய்யக் கூடாது. சிறிய கார்களின் டயரில் அது அபூர்வம். மாற்றிய பிறகு இழுவையும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். ரேடியல் டயருக்குள் இருக்கும் பட்டை ஒரு பக்கம் சற்றே விலகியிருந்தால் டயர் கூம்பு போல உருளும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. புதிய டயரிலும் இது உண்டு. அப்படிப்பட்ட டயரைப் பின்னால் போட்டுவிட்டால் பெரும்பாலும் தொல்லை விட்டது.

பக்கம் மாறவில்லை என்றால் பிரேக். ஐந்தாறு கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்திவிட்டு, இரண்டு முன்சக்கர ரிம்களுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பிடியை விடவில்லை. காலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

அதுவும் இல்லை என்றால் அளவு நாடா. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், எப்போதோ பள்ளத்திலோ சாலை நடுத்திட்டிலோ அடித்ததில் சக்கரத்தைச் சட்டத்தோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்து சக்கரம் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. உரிமையாளர்கள் 'எங்கும் அடிக்கவில்லை' என்றுதான் சொல்வார்கள். நாடா பொய் சொல்லாது.

இத்தனைக்கும் பிறகுதான் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை இயந்திரத்தில் அளந்து சரிசெய்வது. 'அலைன்மென்ட் செய்தும் இழுக்கிறது' என்ற புகார் எனக்கு வாராவாரம் வருகிறது. காரணம் எளியது. பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் திருகி மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். டோ கெட்டால் டயர் தேயும், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஆனால் ஒரு பக்க இழுவைக்கு அது பெரும்பாலும் காரணமாகாது. இழுப்பவை கேம்பரும், பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாய்ந்திருக்கும் அளவான கேஸ்டரும். அவை இடமும் வலமும் வேறுபட்டால் வண்டி இழுக்கும், அவற்றைச் சரிசெய்யத் திருகு கிடையாது. வளைந்த பாகத்தை மாற்ற வேண்டும். அதனால் இயந்திரத்தில் ஏற்றினால் வேலைக்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். கேம்பர், கேஸ்டர் எண்கள் சிவப்பில் இருக்கும்போதே 'முடிந்தது' என்று வண்டியை இறக்கினால் அங்கேயே கேளுங்கள்.

மூட்டுகளில் ஆட்டம் இருக்கும்போது செய்யும் அலைன்மென்ட், ஆடுகிற பல்லுக்குக் கம்பி கட்டுவது மாதிரி. இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் காற்றைப் பார்க்காத, சக்கரத்தை அசைத்துப் பார்க்காத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. ஸ்டீயரிங் கோணலாக நின்றால், அந்த ஸ்டீயரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறேன் என்பார்கள் சிலர். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அதற்கான சுருள் வயர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறது. அதை அறுத்துக்கொண்டு வந்தால் ஹாரனும் போகும், ஏர்பேக்கும் போகும். ஒரு பக்க டை ராடை நீட்டி, மறுபக்கத்ததை அதே அளவு குறைத்துத் திருகி நேராக்குவதுதான் முறை.

உதறுகிறது

எந்த வேகத்தில், எங்கே உதறுகிறது என்பதே பாதி விடை. எழுபதுக்கும் நூறுக்கும் இடையில் தொடங்கி, இன்னும் வேகமெடுத்தால் குறைகிறது என்றால் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை, வீல் பேலன்சிங் போட வேண்டும். கையில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம். பேலன்சிங் போடுவதற்கு முன் ரிம்மின் உட்புறத்தைக் கழுவச் சொல்லுங்கள். மண்ணோடு சேர்த்து எடை ஒட்டினால், மண் உதிர்ந்த அன்றைக்கே மறுபடி உதறும். ரிம் நெளிந்திருந்தால் எத்தனை எடை ஒட்டியும் பயனில்லை.

இருபது, முப்பது வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமும் நிதானமாகத் தள்ளாடினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். டயருக்குள் பட்டை பிரிந்திருக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெல்ல வீடு போய்ச் சேருங்கள். அந்த டயர் எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பிரேக் பிடித்தால் மட்டும் உதறுகிறதா? டிஸ்க். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர்கள் பலர், நான்காவது கியரிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறார்கள். கீழே போய் நிற்கும்போது டிஸ்க் பழுக்கக் காய்ந்திருக்கும். பெடலை விடாமல் அழுத்தி நின்றால் பிரேக் பேடின் பொருள் அந்த ஓர் இடத்தில் படிந்துவிடும். அதன் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு பிடி, ஒரு விடுதல். தேய்மானம் சீரில்லாமல் போனாலும் இதே உணர்வு. டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மீதே பொறித்திருக்கும். அதற்கு மேல் மிச்சம் இருந்தால் கடைந்து போடலாம், இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கல்லாகக் கனக்கிறது

காற்றைப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால், சாவியைத் திருப்பும்போது மீட்டரில் ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் துணை மோட்டார் வேலை செய்யவில்லை. முதலில் ஃபியூஸ், பிறகு பேட்டரி முனைகள், எர்த் வயர். இடத்திலேயே நின்று திருப்பும்போது இந்த மோட்டார் நிறைய மின்சாரம் குடிக்கும். நாள்பட்ட பேட்டரியும் சரியாகச் சார்ஜ் செய்யாத ஆல்டர்னேட்டரும் அங்கேதான் குட்டு வெளிப்படும். இரவில், முகப்பு விளக்கும் ஏ.சி.யும் ஓடும்போது மட்டும் கனக்கிறது என்றால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள்.

விளக்கும் எரியவில்லை, திடீரென்று கனத்து, சிறிது நேரத்தில் தானே சரியாகிறது என்பவர்களும் வருவார்கள். தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடிப் பாருங்கள், புரியும். முன்னும் பின்னும் இருபது முறை, கடைசி வரை ஒடித்து ஒடித்து. மோட்டார் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைக்கிறது. அது கோளாறு இல்லை. கடைசி முனை வரை ஒடித்து அழுத்திப் பிடிக்கும் பழக்கத்தை விட்டால் போதும்.

பழைய எண்ணெய்ப் பவர் ஸ்டீயரிங் வண்டிகளில் எண்ணெய் அளவும் பெல்ட்டும். ஒடிக்கும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட்.

பவர் இல்லாத பழைய மாருதி 800-க்கு ஒரே மருந்து, வண்டி லேசாக நகரும்போது திருப்புவது. அதற்கு அகலமான டயர் போட்டுவிட்டு 'கனக்கிறது' என்று வருபவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எல்லாம் சரி, ஆனாலும் கனக்கிறது என்றால் முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கித் தாங்கியில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையோ தலையோ நுழைக்கக் கூடாது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்; கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கிரானைட் துண்டு கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது ஸ்டீயரிங்கைக் கையால் திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் குறை டயரிலோ துணை மோட்டாரிலோ. இப்போதும் கனத்தால் எங்கோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது. ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளர்ந்தால், பெடலுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் குறுக்கு மூட்டு துருப்பிடித்திருக்கிறது. ரேக்குக்கு அதில் பங்கில்லை. ஒரே சீராகக் கனத்தால் டை ராடு எண்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள்: ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் குறை சக்கரத்துப் பக்கம், அதாவது லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டிலோ, ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுன்ட் பேரிங்கிலோ. அப்போதும் கனத்தால் மட்டுமே ரேக்கின் மேல் பழி போடலாம்.

திருப்பினால் தானாக நேராவதில்லை

வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் கைக்குள் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வர வேண்டும். வராமல், விட்ட இடத்திலேயே நின்றால் உராய்வு எங்கோ கூடியிருக்கிறது. காற்றுக் குறைவு, ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் இறுக்கம், குறுக்கு மூட்டுத் துரு, இவை வழக்கமான காரணங்கள். மவுன்ட் பேரிங் என்றால் இடத்தில் நின்று ஒடிக்கும்போது ஸ்பிரிங் சுருண்டு விடுபடும் 'டொய்ங்' சத்தம் பானெட்டுக்குள் கேட்கும். ஸ்ட்ரட்டின் தலைப்பக்கம் ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொன்னால், சுற்றாமல் நின்று திடீரென்று குதிப்பது விரலுக்குத் தெரியும்.

இன்னொரு காரணம் மனிதர்கள் செய்வது. நடுவில் ஆட்டம் இருக்கிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், ரேக்கின் அடியில் இருக்கும் சரிசெய் நட்டைத் திருகி இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. ஆட்டம் மறைந்துவிடும், வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். ரேக் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். அங்கே ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். தலைவலி போய்த் திருகுவலி. நானே என் சொந்த வேகன்ஆரை, பட்டறை தொடங்குவதற்கு முந்தைய காலத்தில், இப்படி ஓர் இடத்தில் இறுக்கி வாங்கிக்கொண்டு பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கினேன். இடது வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் ஒடித்தபடியே நின்றது. எதிரே பஸ். இரண்டு கையாலும் பிடுங்கி நேராக்க வேண்டியிருந்தது. அன்று நடுங்கிய கை இன்றும் அந்த நட்டைத் தொடும்போது எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போவதில்லை.

நடுவில் ஆட்டம், வண்டி அலைகிறது

நேர்ச்சாலையில் சும்மா சும்மா இடமும் வலமும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தால் இது. சக்கரம் அசையத் தொடங்கும் முன் ஸ்டீயரிங் விளிம்பு எவ்வளவு வெறுமனே நகர்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பல சிறிய கார்களில் 30 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் ஆட்டத்தின் ஊற்றைத் தேட வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

வண்டி தரையில் நிற்கட்டும். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் இடம், ஓர் அங்குலம் வலம் என்று விட்டுவிட்டு அசைக்கட்டும். வெளியே இருப்பவர் ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். பார்ப்பதைவிடத் தொடுவதுதான் நிச்சயம். டை ராடு எண்டைப் பிடித்தபோது உள்ளங்கைக்குள் 'டக் டக்' என்று ஒரு துடிப்பு, முட்டைக்குள் குஞ்சு கொத்துவது போல. அந்த மூட்டு போய்விட்டது. பிறகு ரப்பர் உறையின் மேலாக ரேக் எண்டு, பிறகு ரேக்கைச் சட்டத்தோடு பிணைக்கும் புஷ். ரேக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு அல்லது ரேக் எண்டு. மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் வந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது? உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையவில்லை என்றால் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும்; அதில் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது.

ரேக்கின் ரப்பர் உறை கிழிந்திருப்பதைக் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள். சில நூறு ரூபாய் உறையை விட்டுவைத்துச் சில ஆயிரம் ரூபாய் ரேக்கை மாற்றியவர்கள் என் பட்டறைக் கணக்குப் புத்தகத்தில் நிறைய.

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம்

லோயர் ஆர்மின் பின்புஷ் கிழிந்திருக்கிறது. என்ஜின் இழுக்கும்போது சக்கரம் முன்னால் நகர்கிறது, விடும்போது பின்னால் போகிறது. கம்பியால் நெம்பினால் ரப்பரில் வெடிப்பு வாய் திறக்கும். புஷ் தனியாகக் கிடைத்தால் பிரஸ்ஸில் வைத்து மாற்றலாம். சுத்தியலால் அடித்து நுழைத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது. மாற்றியதும் வண்டி தரையில் நிற்கும்போதுதான் ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் இறக்கியவுடனே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். இதைச் சொன்னால் சில மெக்கானிக்குகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

சத்தம் மட்டும்

முழுவதும் ஒடித்து நகரும்போது 'கட கட கட': சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு, ரிம்மின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். வேகத்தடையில் 'டொக்': வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடு, மவுன்ட் அல்லது ஆர்ம் புஷ். நேராகப் போகும்போது ஊளை, வலது பக்கம் வளைக்கும்போது அது கூடினால் இடது வீல் பேரிங், இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது.

காற்றில் தள்ளுகிறது, வளைவில் சாய்கிறது

வேகன்ஆர் போன்ற உயரமான, ஒல்லியான வண்டி 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியைத் தாண்டும்போது முதலில் லாரிப் பக்கம் உறிஞ்சப்பட்டு, தாண்டியதும் வெளியே தள்ளப்படும். அது வண்டியின் வடிவம். எந்தப் பட்டறையாலும் மாற்ற முடியாது. ஆனால் ஒரு தள்ளலுக்குப் பிறகு வண்டி இரண்டு மூன்று முறை ஆடி அடங்கினால் ஷாக் போயிருக்கிறது. நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். ஏறி ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் அழுத்திப் பார்க்கவே தேவையில்லை.

ஒகேனக்கல் போகிறோம் என்று ஐந்து பேரும், பின்னால் பாத்திரம் பண்டமும், போதாததற்கு டிக்கியில் கேஸ் சிலிண்டருமாகக் கிளம்பினால் பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் காற்றில் மிதப்பது போலிருக்கும். கதவு ஸ்டிக்கரில் முழுச்சுமைக்கென்று தனி காற்றளவு இருக்கும். அதை வைத்தாலே பாதி குணம். ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் ரப்பர் பஃபர் செருகிப் பின்பக்கத்தை உயர்த்துவது இப்போது பரவலாகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பிரிங்கின் சில சுருள்கள் வேலை செய்யாமல் மற்றவை இரட்டிப்பாக உழைக்கும், வளைவில் ஒரு மேடு வந்தால் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்.

நானோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வரி: அதன் முன் டயர் 135/70 ஆர் 12, பின் டயர் 155/65 ஆர் 12, என்ஜின் பின்னால். முன்பின் காற்றளவும் வேறு. நான்குக்கும் ஒரே அளவு காற்று வைத்துவிட்டு 'வளைவில் வால் வீசுகிறது' என்று வராதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது

பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பால் ஜாயின்ட் என்றால் விரலால் ஆட்டிப் பாருங்கள். கெட்டது எண்ணெயில் விழுந்த கோலிக்குண்டு போலத் தளர்ந்து ஆடும், நல்லது விரலுக்கு அசையாது. ஓட்டிப் பார்க்க, புகார் எந்தச் சாலையில் எந்த வேகத்தில் இருந்ததோ அதே சாலைக்கு, அதே வேகத்துக்குப் போங்கள். முடிந்தால் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்றால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அலாய் ரிம் என்றால் கட்டாயம்.